பின்சீட்டின் இடது ஓரம்

அந்த ஷோரூமில் பயப்பட ஒன்றுமே இல்லை. கண்ணாடிச் சுவர் வழியே காலை வெயில், மெழுகு தேய்த்த தரை, புது ரப்பர் வாசனை. சர்வேயர் தன் மனைவியோடும் ஐந்து வயது மகள் வாலுவோடும் கார் வாங்க வந்திருந்தார்.

விபத்தில் நொறுங்கிய கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலை. எந்தக் காரில் கதவு உள்ளே மடியும், எதில் கூரை நசுங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆறு ஏர்பேக், மோதல் சோதனையில் முழு மதிப்பெண், குழந்தை சீட்டை மாட்டும் கொக்கி என்று விற்பனைப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே அவரே அடுக்கிவிட்டார்.

"சார், நீங்களே இங்க வேலைக்கு வந்துடலாம் போலிருக்கே," என்றாள் அவள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். முன்னால் அவரும் விற்பனைப் பெண்ணும். பின்னால் வலது ஓரத்தில் வாலு, நடுவில் மனைவி. இடது ஓரம் காலி.

தெருமுனை திரும்பியதும் மணி அடித்தது. டிங். டிங். டிங். பின்சீட்டின் இடது ஓரத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"சென்சார் கோளாறா இருக்கும் சார். கைப்பை வெச்சாக்கூட அடிக்கும்."

"கைப்பை என் மடியிலதாங்க இருக்கு," என்றாள் மனைவி.

அடுத்த வாரம் வேறொரு ஷோரூம், வேறொரு கம்பெனியின் கார். அதிலும் அதே மணி, அதே இடது ஓரம். ஏசிக் காற்றில் ஏதோ ஒரு வாசனை மெல்லப் பரவியது. தையல் மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசனை.

அந்த வாசனை அவருக்குத் தெரியும்.

மூன்றாவது காரில் மணி அடிக்கவில்லை. மனைவிக்கு அப்பாடா என்றிருந்தது. சிக்னலில் நின்றபோது சர்வேயரின் காதுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு பெண்குரல் தணிவாகக் கேட்டது.

"இதாவது பத்திரமானதா, சார்?"

டிங்.

டிங்.

டிங்.

அவர் காரை ஓரங்கட்டி இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாலுவை விளையாட அனுப்பிவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தாள். "கார்ல ஒண்ணும் இல்லைங்க. அது நம்ம கூடத்தான் ஏறுது. யாரு அது?"

அவர் சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு காரேஜில், விபத்துக்குப் பின் பழுதுபார்த்த கார். பின்சீட் பெல்ட்டை மாற்றிவிட்டதாகக் காரேஜ்காரர் சொன்னார். சாப்பாட்டு நேரம், சர்வேயருக்கு நல்ல பசி. கழற்றிப் பார்க்காமலே 'புதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காரை வாங்க மகனோடு வந்திருந்த தையல்கார அம்மா, பெல்ட்டின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சார், இந்தத் தையல் கையால போட்ட மாதிரி இருக்கே?"

"அம்மா, ஜாக்கெட் தைக்கிறது வேற, கார் வேற. பயப்படாம வாங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூச்சத்தோடு சிரித்தாள்.

நான்கே மாதம். மகன் ஓட்ட, மருமகள் முன்னால் இருக்க, அவள் பின்னால் இடது ஓரத்தில் இருந்தாள். லாரி மோதியதில் பெல்ட் தையலோடு பிரிந்துபோனது. முன்னால் இருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். அதே கார் என்பதால் அறிக்கை எழுதும் வேலையும் அவரிடமே வந்தது. அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'பயணி பெல்ட் அணியவில்லை.'

மனைவி எழுந்தாள். "அவங்க மகன்கிட்ட போய்ச் சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் அவர் போய்ச் சொன்னதைத் தையல்கார அம்மாவின் மகன் வாசலிலேயே நின்று கேட்டான். முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"அம்மா பெல்ட் போட்டாங்க சார். 'டக்'னு சத்தம் என் காதுல விழுந்துச்சு. ஆனா நீங்க எழுதினதைப் படிச்சதும், என் காது மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. பெல்ட் போட வெச்சியான்னு என் பொண்டாட்டி இன்னிக்கும் கேக்கறா."

"என்னை மன்னிச்சிடுப்பா."

"உங்களுக்குப் பாரத்தை இறக்கி வெக்க ஒரு வாசல் கிடைச்சிருச்சு. நான் எங்க போய் இறக்கி வெக்கிறது?"

கதவு சாத்தப்பட்டது.

சர்வேயர் நடந்ததை எல்லாம் எழுதிக் கம்பெனியிலும் காவல் நிலையத்திலும் கொடுத்தார். வேலை போனது. வழக்கு நடந்துகொண்டிருந்தது. தெரிந்தவர்கள் பார்த்தும் பாராமல் போனார்கள். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இனி வராது என்று நினைத்தார். வாலுவைப் பள்ளிக்குக் கூட்டிப்போகக் கடைசியில் ஒரு கார் வாங்கினார்கள். தேர்ந்தெடுத்தது மனைவி. அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை. வலது ஓரத்தில் வாலு, நடுவில் மனைவி. கார் கிளம்பியது. பள்ளி இருக்கும் தெரு வரைக்கும் மணி அடிக்கவே இல்லை. இறுகியிருந்த அவர் கைகள் ஸ்டியரிங்கில் மெல்லத் தளர்ந்தன.

டக்.

சத்தம் பின்னாலிருந்து வந்தது.

வண்டியை நிறுத்தித் திரும்பினார். இடது ஓரத்து பெல்ட் யாரும் இல்லாத இருக்கையின் குறுக்கே மாட்டியிருந்தது. உள்ளே ஓர் உடம்பு இருப்பதுபோல முன்னால் புடைத்து, விறைப்பாக நின்றது. அவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, அதைக் கழற்றக் கை நீட்டினார்.

மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்க. போடலைன்னு இன்னொரு தடவை எழுதப் போறீங்களா?"

கை அந்தரத்தில் நின்றது. அவர் கண்ணெதிரே அந்த பெல்ட், மெதுவாக, சீராக, மூச்சு விடும் மார்பின்மேல் கிடப்பதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.