மேனேஜரின் இடது பக்கம்

மேனேஜருக்குக் கட்டி வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் வாலுதான்.

மேனேஜர் ஒரு முயல். வயதான முயல். சமையலறை மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தான் ஒரு வேலையும் செய்யமாட்டார். யாராவது சத்தம் போட்டால் மட்டும் பின்னங்காலால் தரையில் ஒரு தட்டு தட்டுவார். அதனால்தான் அண்ணன் அவருக்கு அந்தப் பெயரை வைத்தான்.

வாலு, அண்ணனின் தங்கை. நிஜமாகவே வால் வைத்திருக்கும் மேனேஜரை விட்டுவிட்டுத் தன்னை ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் பல தடவை கேட்டிருக்கிறாள். இதுவரை பதில் இல்லை.

அன்று காலை மேனேஜருக்குச் சீவிவிட்டபோது, இடது தாடைக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. அழுத்தினால் நகர்ந்தது. மேனேஜர் தலையைத் திருப்பி, 'இதெல்லாம் உன் வேலையா' என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"கொசு கடிச்சிருக்கும்," என்றார் அப்பா.

"கொழுப்பு," என்றாள் அம்மா.

"பஞ்சு முழுங்கியிருப்பாரு," என்றார் கீழ்வீட்டுத் தையல்காரர். "என் கடைக்கு வந்தப்பல்லாம் அந்தத் தலையணை மூட்டையையேதான் பார்த்துட்டிருப்பாரு."

பட்டாணி மெல்லத் திராட்சை ஆனது. அதற்குப் பிறகு யாரும் கொசுவைக் குறை சொல்லவில்லை.

கால்நடை மருத்துவமனையில், கழுத்தில் புனல் மாட்டிய ஒரு நாய், மானம் போன மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மேனேஜர் கூடைக்குள் இருந்தபடியே அதை ஒரு பார்வை பார்த்தார். நாய் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

டாக்டர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு கட்டியைத் தடவிப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். ஊசி குத்தி ஒரு துளி எடுத்து, அதையும் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "என்னன்னு தெரியலை," என்றார்.

வாலு அசந்துபோனாள். பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவளே அந்தப் பதிலைப் பரீட்சையில் எழுதியிருக்கிறாள். மதிப்பெண்தான் கிடைக்கவில்லை.

"அறுத்து எடுத்துப் பார்க்கலாம்," என்றார் டாக்டர். "ஆனா இந்த வயசுல மயக்க ஊசி போட்டா, முழிச்சுப்பாருன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அறுக்காம விட்டா, அப்படியே கிடக்கலாம். வளரவும் வளரலாம். ரெண்டுல எதுன்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

"நாங்க எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா.

"உங்க முயல்தானே?"

"அண்ணனோட முயல்," என்றாள் வாலு.

"அப்ப அண்ணனைக் கேளுங்க. அதுவரைக்கும் சாப்பாட்டைக் கவனிச்சுக்கோ பாப்பா. முயல் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. வாயை மூடிட்டார்னா உடனே தூக்கிட்டு வா."

வெளியே வந்ததும் வாலு கேட்டாள்: "அப்பா, இன்னைக்கே அண்ணன்கிட்டச் சொல்லிடலாமா?"

"வேண்டாம். அவன் வெளியூர்ல புது வேலைக்குப் போயி இன்னும் காலே ஊணலை. அங்க உட்கார்ந்துட்டு அவன் என்ன பண்ணுவான், பாவம். எல்லாம் சரியானப்புறம் சொல்லிக்கலாம்."

"சரியாகலைன்னா?"

அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார். அது காலில்தான் இருந்தது.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் "ஒண்ணுமில்லைங்க, இதோ ஆச்சு" என்று கதவு வழியாகச் சொல்வதுதான் அவருடைய பாதி வேலை. வீட்டிலும் அதே வழக்கம்தான். தூரத்தில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி மட்டும்தான் போகும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போன பிறகுதான் அண்ணனுக்குத் தெரியும். குழாய் உடைந்து வீடு முழுக்கத் தண்ணீர் நின்ற கதை, தரை காய்ந்த பிறகுதான் போனது.

அண்ணன் போனதிலிருந்து அவன் அறை பூட்டாமலே கிடந்தது. வாலு தினமும் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். கட்டிலுக்கு அடியில் மேனேஜர் படுத்திருப்பார். சாயங்காலம் தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் அவருடைய காது இரண்டும் நிமிரும். படியேறி யாரும் வராவிட்டால், முதலில் ஒரு காது சாயும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சாயும். வாலுவின் காதுகள் நிமிர்வதில்லை. மற்றபடி அவள் நிலைமையும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீடியோ காலில் வருவான். அந்த ஞாயிறு போனைத் தண்ணீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்துவிட்டு, அம்மா மேனேஜருக்கு இடம் பார்த்தாள். இந்த வேலையில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் வேலை பார்ப்பது போட்டோ ஸ்டூடியோவில். கன்னத்தில் தழும்பு உள்ளவர் வந்தால் மோவாயை ஒரு விரலால் திருப்பி, விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி, தழும்பைக் காணாமல் செய்துவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டூடியோ மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாலு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அவரை வலது பக்கம் தெரியற மாதிரி பிடி," என்றாள் அம்மா. "மோவாயை லேசா இறக்கு. ஆங், அப்படியே அசையாம இரு."

மேனேஜர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தவர்போல் விறைப்பாக இருந்தார்.

"மேனேஜர் எப்படி இருக்காரு?" என்றான் அண்ணன்.

"ஜம்முனு இருக்காரு," என்றார் அப்பா.

"ஏன் எங்கேயோ பார்க்கறாரு? என் மேல கோவமா?"

"ஜன்னல்ல ஒரு காக்கா," என்றாள் அம்மா. காக்காவும் இல்லை, அந்தப் பக்கம் ஜன்னலும் இல்லை.

"எப்பண்ணா வருவே?" என்றாள் வாலு.

"அடுத்த மாசம்டீ வாலு."

"போன மாசமும் அதான் சொன்னே."

"அப்பவும் அடுத்த மாசம்தானே சொன்னேன். வார்த்தை மாறினேனா?"

எல்லாரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு, வீடு அதற்கு முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது.

அந்த வாரம் மேனேஜர் கேரட்டைக் கடிக்கத் தடுமாறினார். வாலு அதைத் துருவிக் கொடுத்தாள். கீரையைப் பொடியாக நறுக்கினாள். வாயில் போட்டதில் பாதி வெளியே விழுந்தது. விழுந்ததைப் பொறுக்கி மறுபடி ஊட்டினாள். ஒரு கிண்ணம் தீர ஒரு சாயங்காலமே போய்விடும். சில நாள் அவர் பாதியில் நிறுத்திவிட்டு அறைவாசலைப் பார்ப்பார்.

"நானும் அவனுக்காகத்தான் காத்திருக்கேன்," என்பாள் வாலு. "அதுக்காகச் சாப்பிடாம இருக்கேனா, பாருங்க." சொல்லிவிட்டு ஒரு துருவல் கேரட்டைத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். மேனேஜர் தன் பங்கு குறைவதைப் பார்த்துவிட்டு மீண்டும் சாப்பிட ஆரம்பிப்பார்.

டாக்டர் போன் செய்து, என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். அப்பா அறுக்கலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். அடுத்த நாள் அம்மா அறுக்கலாம் என்றாள், அப்பா வேண்டாம் என்றார். மேனேஜர் மேசைக்கு அடியிலிருந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறும் வந்தது. கூஜா, போன், வலது பக்கம், இறக்கிய மோவாய். வாலுவுக்கு ஒரே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. 'அடுத்த மாசம்' வருவதற்குள் மேனேஜர் இல்லாமல் போய்விட்டால்? 'போன மாசம் செத்துட்டாரு, இப்ப எல்லாம் சரியாயிடுச்சு' என்று அப்பா அண்ணனிடம் எப்படிச் சொல்வார்?

அப்போதுதான் அண்ணனுக்குக் காது அரித்தது. இடது காது. அவன் வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய், அந்தப் பக்கமாக இறக்கிச் சொறிந்தான்.

வாலு உற்றுப் பார்த்தாள். அண்ணன் கழுத்துக்குக் கீழே தெரியவில்லை. முன்பெல்லாம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அறை முழுக்கச் சுற்றிக்காட்டுவான். இப்போது வாராவாரம் ஒரே நாற்காலி, ஒரே சுவர். கொஞ்ச நேரத்தில் அண்ணன் இருமினான். பக்கத்திலிருந்து யாரோ ஒருவருடைய கை மட்டும் வந்து, மூடி திறந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனது.

ஒரு பக்கத்தை மறைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது வாலுவுக்குத் தெரியும். இரண்டு வாரமாக அவள் கை வலிக்க அதைத்தானே செய்கிறாள்.

'அந்தக் கையைக் காட்டு' என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் அவன் "எதுக்கு?" என்பான். அப்பா "சும்மா இரு" என்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும். யாராவது ஒருவர் முதலில் காட்டினால்தான் உண்டு.

அவள் மேனேஜரை மெதுவாகத் திருப்பிப் பிடித்தாள்.

"வாலு, மோவாயை," என்றாள் அம்மா.

"அண்ணா, இவருக்குக் கட்டி வந்திருக்கு," என்றாள் வாலு. "என்னன்னு டாக்டருக்கே தெரியலை. அறுக்கலாமா வேண்டாமான்னு உன்னைத்தான் கேட்கணுமாம். கேரட்டைத் துருவித்தான் கொடுக்கறேன். இப்ப நீ காட்டு."

அண்ணன் போனுக்குக் கிட்டே வந்து கட்டியைப் பார்த்தான். பிறகு போனுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தான். கடைசியில் இடது கையைத் தூக்கினான். முழங்கை முதல் விரல் வரை வெள்ளையாக மாவுக்கட்டு.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது எப்ப?" என்றார் அப்பா.

"போன மாசம். சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டேன்."

"எங்ககிட்ட ஏன்டா சொல்லலை?"

"நீங்க பதறுவீங்க. சரியானப்புறம் சொல்லிக்கலாம்னுதான்."

அப்பா திட்டுவதற்காக வாயைத் திறந்தார். எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

"அதனாலதான் அடுத்த மாசம், அடுத்த மாசம்னியா?" என்றாள் வாலு.

"கட்டைப் பிரிச்சதும் வரலாம்னு இருந்தேன். லீவு எல்லாம் எப்பவோ கொடுத்துட்டாங்க. இங்க சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"நாங்களும் இங்க சும்மாதான் உட்கார்ந்திருக்கோம்," என்றாள் வாலு. "கட்டோடவே வா. இவர் ஒண்ணும் சிரிக்க மாட்டாரு."

மறுநாள் சாயங்காலப் பஸ்ஸில் அண்ணன் வந்தான். படியில் காலடிச் சத்தம் கேட்டு வாலு வாசலுக்குப் பறந்தாள். மேனேஜர் பறக்கவில்லை. அவர் தன் வயதுக்குத் தக்க வேகத்தில், இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கூடத்தைக் கடந்து வந்தார். வந்து, அண்ணனின் செருப்பை முகர்ந்தார். பிறகு அவன் கால்மேல் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் அசையாமல் வாசலிலேயே நின்றான். பை தோளில் அப்படியே தொங்கியது.

சாப்பாடு ஊட்டும் நேரத்தில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஒற்றைக் கையால் துருவ முயன்று, கேரட்டைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டான்.

"நீ தள்ளு," என்றாள் வாலு.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கொஞ்சம் விழுந்தது. வாலு பொறுக்கினாள்.

"நீ சொல்லு. அறுக்கலாமா?" என்றான் அண்ணன்.

"உன் முயல். நீதான் சொல்லணும்."

"தினமும் பக்கத்துல இருந்து பார்க்கறது நீதானே."

வாலு யோசித்தாள். கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மேனேஜர் மெல்வதை நிறுத்தவில்லை.

"வலிக்கற மாதிரி தெரியலை," என்றாள். "சாப்பிட நேரமாகுது, அவ்வளவுதான். எனக்கு நேரம் இருக்கு. முழிக்காம போறதுக்குப் பதிலா, இப்படி மெதுவா சாப்பிட்டுட்டு இருக்கட்டும்."

"வளர்ந்தா?"

"அன்னைக்கே உனக்குச் சொல்றேன். நீயும் விழுந்தா, விழுந்த அன்னைக்கே சொல்லணும்."

"சரிங்க," என்றான் அண்ணன்.

அப்பா டாக்டருக்குப் போன் செய்து முடிவைச் சொன்னார். நல்ல முடிவுதான், மாதத்துக்கு ஒரு தடவை தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

கட்டைப் பிரிக்க வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிளம்பவேண்டும். ஆனால் அதற்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவன் தன் அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்தான். வாலு மறு ஓரத்தில் படுத்தாள். மேனேஜர் கட்டிலுக்கு அடியிலிருந்து கிளம்பி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஆள் சரியாக இருந்தது.

மூன்று பேருக்குப் பாய் போதவில்லை. அண்ணனின் பாதி முதுகு தரையில் கிடந்தது. வாலுவின் ஒரு கால் வாசற்படியில் இருந்தது. மேனேஜர் மட்டும் நான்கு காலையும் தாராளமாக நீட்டி, இடது பக்கம் மேலே தெரியும்படி படுத்துத் தூங்கினார்.