மயில்கழுத்து நிற அட்டை

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில், கவுஸ் பாஷாவின் போட்டோ ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில்தான் வக்கீல் ராணியம்மாளின் அலுவலகம். மாடிப்படி ஸ்டுடியோ வாசலிலிருந்து தொடங்கியதால், மேலே போகிற வழக்கெல்லாம் தன் வழக்கு என்று பாஷாவுக்கு ஒரு நினைப்பு. அன்று காலை அத்தியா படியேறுவதைப் பார்த்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஏறினார். ஆனால் இந்தமுறை பாதிப் படியில் கொஞ்சம் தயங்கினார். அவள் கையிலிருந்த உறைக்குள் இருந்தவை, போலீசுக்காக அவரே எடுத்துக் கொடுத்த பிணப் படங்கள்.

"அடுத்த மாசம் விசாரணைங்க, வக்கீலம்மா," என்றாள் அத்தியா. "எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு ராத்திரி மலையிலயே இல்லீங்க. லாரி ஏறி வந்துட்டாரு. லாரிக்காரரு யாருன்னு தெரியல. நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் கணவன் மஜீத் கடுக்காய் வியாபாரி. மணலூர்பேட்டை மிராசுதார் ஆதிமூலம் அவனுக்குக் கூட்டாளி. தை மாதக் குளிரில் இருவரும் கொள்முதலுக்காகக் கல்வராயன் மலையேறிக் கரியாலூரில் பிச்சைமுத்துவின் லாட்ஜில் அறை எடுத்தார்கள். சாயங்காலம் லாட்ஜ் வாசலில் இருவருக்கும் பெரிய வாய்ச்சண்டை. விடிந்தபோது அருவிக்குக் கீழே மடுவில் ஆதிமூலம் பிணமாகக் கிடந்தார், பின்தலையில் காயத்தோடு. சண்டை போட்டுக்கொண்டே இருவரும் அருவிப் பக்கம் போனார்கள், மஜீத் மட்டும் திரும்பினான் என்று பிச்சைமுத்து சாட்சி சொன்னான். மஜீத்தை உள்ளே தள்ள அது போதுமானதாக இருந்தது. அந்தச் சாட்சி கோர்ட்டில் எடுபட்டுவிட்டால் அவன் வெளியே வரப்போவதில்லை.

ராணியம்மாள் படங்களை மேசைமேல் பரப்பினார். அவசரம் என்பதே தெரியாத மனுஷி. ஒரு படத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஈரப் பாறையில் கிடத்தப்பட்ட உடல், விரிந்த உள்ளங்கை, அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு அட்டை.

"பாய், இது என்ன அட்டை?"

பாஷாவுக்கு உற்சாகம் பீறிட்டது. "சாம்பல் அட்டைங்க மேடம். மெட்ராஸ்ல வாங்கினு வந்தேன். அங்க ஒரு பக்கம் கறுப்புப் பாறை, ஒரு பக்கம் வெள்ளை நுரை. கேமரா மீட்டர் குழம்பிடும். இந்த அட்டைல பட்ட வெளிச்சத்தை அளந்துகினா படம் கறுக்கவும் கறுக்காது, வெளுக்கவும் வெளுக்காது. அட்டை சரியான சாம்பலா வந்துச்சுன்னா, மத்த நிறமெல்லாமும் சரின்னு அர்த்தம்."

"அப்படியா? இதுல அட்டை மயில்கழுத்து நிறமா இருக்கே."

பாஷா குனிந்து பார்த்தார். ஊரே மெச்சும் கல்யாணப் படக்காரர், தான் ஆசையாக வாங்கிய அட்டையை அதுவரை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை.

"பிரிண்ட் போடறப்ப கை சிவப்பா வந்துச்சுங்க," என்று மென்று விழுங்கினார். "கலரு தூக்கிக்குச்சுன்னு நெனச்சு சிவப்பைக் கம்மி பண்ணிட்டேன். கல்யாணப் படத்துல பொண்ணு மூஞ்சிய அப்பிடித்தான் சரிகட்டுவோம். அதே கைப்பழக்கம்."

"நேர்ல பார்த்தப்ப கை எப்படி இருந்தது?"

"எனக்குப் பொணம்னாலே பயம், மேடம். கண்ணைப் பாதி மூடிகினுதான் எடுத்தேன்."

"நெகட்டிவ் இருக்கா? கையைப் பார்க்காதீங்க. அட்டை சாம்பலாகிற வரைக்கும் சரிபண்ணி எடுத்துட்டு வாங்க."

மறுநாள் பாஷா புதுப் படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அட்டை மழைமேகம் போல நல்ல சாம்பலாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் செத்தவரின் உள்ளங்கையும் நகங்களும் மருதாணி வைத்தாற்போல் சிவந்திருந்தன. அத்தியா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குளிர்ந்த தண்ணியில கிடந்தாலும் கொஞ்சம் சிவக்கும்," என்றார் ராணியம்மாள். "இவ்வளவு சிவந்தா எனக்கு வேற சந்தேகம் வருது. பிரேதப் பரிசோதனையில எடுத்துவெச்ச ரத்தம் ஆய்வகத்துல இருக்கும். சோதிக்கச் சொல்லி மனு போடறேன்."

ரத்தச் சோதனையின் முடிவு வந்ததும், இன்ஸ்பெக்டரோடு சேர்த்து நால்வர் மலையேறினார்கள். வளைவுக்கு வளைவு மூடுபனி கெட்டியானது. கரியாலூரில் அருவியின் இரைச்சல் கேட்டதே தவிர, அருவி கண்ணில் படவில்லை. பிச்சைமுத்து எதற்கென்று கேட்காமலேயே ஆதிமூலத்தின் அறையைத் திறந்துவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டான். உள்ளே காற்று அசையவில்லை. மேலேயிருந்த காற்றுத் துவாரங்களைக் குளிருக்காகச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள்.

"அன்னிக்கு ராத்திரி ஆதிமூலம் இங்கே படுத்தாரா?" என்றார் ராணியம்மாள்.

"அவரு திரும்பி வரவே இல்லீங்க."

"பாய், அந்தக் கட்டிலை நகர்த்துங்க."

பாஷா இழுத்தார். கட்டிலுக்கு அடியில், சிவப்புச் சிமெண்டுத் தரையில், கரி போடும் கும்பட்டி வைத்துக் கருகிய வட்டத் தடம் இருந்தது. இந்த அறைக் கதவை இப்போது யாராவது சாத்தினால் என்ன ஆகும் என்று தோன்றி, பாஷா வாசல் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

"ஆதிமூலம் தண்ணியில முழுகிச் சாகலை," என்றார் ராணியம்மாள், குரலை உயர்த்தாமல். "அவர் ரத்தம் முழுக்கக் கரிப்புகை. திறந்த வெளியில, அருவிப் பக்கத்துல, யாரும் புகை முட்டிச் சாக முடியாது. அடைச்ச அறையில கரியை எரியவிட்டுத் தூங்கினா, அந்தப் புகை நாத்தமே இல்லாம ஆளைக் கொல்லும், உடம்பைச் சிவக்க வைக்கும். செத்தபிறகுதான் அவரை மடுவில் போட்டிருக்காங்க. தலையில அடிபட்டது அப்போதான். அவர் இந்த அறைக்கே வரலைன்னு சொன்ன ஆள் நீ ஒருத்தன்தான், பிச்சைமுத்து."

பிச்சைமுத்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். பிறகு அப்படியே படியில் குந்திவிட்டான்.

"கொல்லணும்னு நெனைக்கலீங்க. விடியறதுக்கு முன்ன தட்டியும் கதவு திறக்கலியேன்னு நெம்பிகினு உள்ள போனா, விறைச்சிப் போயிருந்தாரு. லாட்ஜு தொறந்த முதல் வருசம். வெளிய தெரிஞ்சா யாரு வருவாங்க?"

"அதுக்கு என் புருசன் ஜெயிலுக்குப் போவணுமா?" அத்தியா அவன் முன்னால் வந்து நின்றாள். "சண்டை போட்டாரு, அதான் அவரு செஞ்ச தப்பா?"

"அந்தச் சண்டைதாம்மா அவரைக் காப்பாத்துச்சு," என்றான் பிச்சைமுத்து, தலையைத் தூக்காமல். "ரெண்டு பேருக்குமாத்தான் ரூம்பு எடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் குளிருமேன்னு அன்னிக்குக் கரிய ஜாஸ்தியாப் போட்டேன். கோவிச்சிக்கினு அவரு லாரி ஏறாம இருந்திருந்தா, அந்த இருட்டுல நான் ரெண்டு பேரைத் தூக்கிக்கினு போயிருப்பேன்."

மஜீத்தும் படுத்திருக்க வேண்டிய அந்தக் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி அத்தியா தரையில் உட்கார்ந்தாள்.