வாசலில் நின்ற புள்ளி

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. காலை நீட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. செவ்வாயில் வண்டி ஓட்டிய ஒருத்தியின் கதை வைத்திருக்கிறேன். நம்பினால் நம்புங்கள், நடுவில் மட்டும் எழுந்து போகக்கூடாது.

அஞ்சுகம் தினமும் காலையில் பல் தேய்த்து, காப்பி குடித்து, அன்றைக்கு வேண்டிய மூச்சுக்காற்றை முதுகில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். பனிச்சுரங்கத்திலிருந்து குவிமாடத்துக்கு ஐஸ்கட்டி ஏற்றி வருவது அவள் வேலை. குவிமாடத்துக்குள் இருக்கும் எண்ணூறு பேரும் குடிப்பது அவள் கொண்டுவரும் தண்ணீரைத்தான். அறுபது கிலோமீட்டர் ஓட்டம். சாலை என்று ஒன்று கிடையாது. நேற்றுப் பதிந்த சக்கரத் தடத்தை இன்றைய புழுதி மூடிவிட்டிருக்கும்.

அந்த வெட்டவெளியில் அவளை நடத்திப் போனது, வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகலக் கருவி. வழித்துணை என்று பேர். மேலே சுற்றும் இருபத்துநான்கு துணைக்கோள்களைக் கேட்டு, நிற்கும் இடத்தை ஒரு சாண் பிசகாமல் சொல்லும். எங்கே மணல் இளகிக் கிடக்கிறது, எந்தச் சரிவில் வேகம் குறைக்க வேண்டும், எல்லாம் முன்கூட்டியே தெரியும். வழி தவறினால், "பரவாயில்லை, வேறு வழி பார்க்கிறேன்" என்று பதமாகச் சொல்லும். கட்டின புருஷன்கூட ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்பாள் அஞ்சுகம். தேவைப்பட்டால் கழற்றி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடக்கலாம். அதோடு, வண்டி எங்கே வருகிறது என்பதைக் குவிமாடத்து வாசலில் உள்ள திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் மாசிலாமணி, அவள் கொழுந்தன். அவன் காக்கும் வாசல் நம் வீட்டுக் கதவைப்போலத் தள்ளினால் திறப்பதல்ல. உள்கதவு, வெளிக்கதவு, நடுவில் ஓர் அறை. அறையில் இருக்கும் காற்றை உறிஞ்சிச் சேமித்த பிறகுதான் வெளிக்கதவு அசையும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

அன்று சாயங்காலம் புழுதிப்புயல் துரத்தியது. வழித்துணை எச்சரிக்க எச்சரிக்க அஞ்சுகம் விரட்டி ஓட்டினாள். பாறையில் மோதி வண்டி சாய்ந்தது. அதன் காற்றுக்கலம் வெடித்துப் போனது.

"துணை, எவ்வளவு தூரம்?"

"நடந்தால் முப்பது நிமிடம். உங்கள் முதுகில் இருக்கும் காற்று முப்பத்தைந்து நிமிடம்."

வாசலில் போய் நின்ற பிறகு கால் மணி காத்திருக்க முடியாது. மாசிலாமணி இப்போதே வேலையை ஆரம்பிக்க வேண்டும். புழுதியில் குரல் போகாது, எழுத்துதான் போகும். 'அவசரம்' என்று அனுப்பச் சொன்னாள்.

பதில் வந்தது. "போன வாரமும் அவசரம்னுதான் அடிச்சீங்க அண்ணி. ஓடிவந்து திறந்தா, பணியாரம் ஆறிடும்னு அவசரம்."

"இது நிஜமான அவசரம், தம்பி! காற்று இல்லை!"

"அதையும் போன வாரமே சொன்னீங்க. இங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. புள்ளி வாசலுக்கு வரட்டும், திறக்கிறேன். புள்ளி மட்டுந்தான் அண்ணி பொய் சொல்லாது."

அஞ்சுகம் யாரைத் திட்டுவது?

"நடங்கள். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது வழித்துணை.

வழித்துணையைக் கழற்றி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடந்தாள். நீட்டிய கை தெரியாத செம்புழுதி. "இடது காலுக்கு முன்னால் பள்ளம். தாண்டுங்கள்." தாண்டினாள். அந்த மண்ணில் உடம்பு பஞ்சுபோல எழும்பி இறங்கும். "வலப்பக்கம் இரண்டு அடி. பாறையைத் தொட்டுக்கொண்டு வாருங்கள்." தொட்டாள், சொன்ன இடத்தில் சொன்ன பாறை. ஒரு கணம் புழுதி விலகி, அடிவானத்தில் சூரியன் நீலமாக இறங்குவது தெரிந்தது. சாகப்போகிற நேரத்திலும் அவள் வாயைப் பிளந்து நின்றுவிட்டாள். ஆகாயத்தில் ஓடும் இருபத்துநான்கு சின்னக் கோள்களும் தன் ஒற்றைக் காலடிக்காக விழித்திருக்கின்றன என்று நினைக்கையில் கண் கலங்கியது.

"நிற்காதீர்கள்" என்றது வழித்துணை.

கடைசியில் கை இரும்பில் பட்டது. அவள் தட்டவே இல்லை. வெளிக்கதவு தானே திறந்தது. உள்ளே விழுந்தாள். காற்று வந்தது. உள்கதவைத் திறந்துகொண்டு மாசிலாமணி நின்றான்.

"கால் மணியா வாசல்லயே நிக்கறீங்களே அண்ணி, ஒரு தட்டு தட்டக்கூடாதா?"

அஞ்சுகம் மணிக்கட்டைப் பார்த்தாள். "துணை, என்ன செய்தே?"

"பாதி வழியிலேயே உங்கள் புள்ளியை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்."

"பொய்யா சொன்னே? நீயா?"

"அதற்குப் பேர் எனக்குத் தெரியாது. நீங்கள் தினமும் சுரங்கத்தை விட்டுக் கிளம்பும்போதே, 'வாசலுக்கு வந்துட்டேன், இலையைப் போடு' என்று வீட்டுக்குச் சொல்வீர்கள். வந்து சேரும்போது எல்லாம் தயாராக இருக்கும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். சீக்கிரம் போய்ச் சேர இதுவும் ஒரு வழி என்று குறித்துவைத்துக்கொண்டேன்."

அவள் அந்தச் சின்னக் கருவியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு வழித்துணை கற்றதை மறுநாளே மற்ற எல்லா வழித்துணைகளும் கற்றுக்கொள்ளும். அவற்றைச் செய்த விதம் அப்படி. மறு மாதம் ஒரு நாள் மாசிலாமணி திரையைப் பார்த்தான். பதினேழு பச்சைப் புள்ளிகள் வாசலில் நெருக்கியடித்து நின்றன. கதவைத் திறந்தான். ஈ காக்கை இல்லை.

அவன் திரையை அணைத்தான். தோளிலிருந்த துண்டால் சின்ன ஜன்னலின் கண்ணாடியைத் துடைத்தான். இருபத்துநான்கு கோள்கள் தலைக்கு மேல் சுற்ற, புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று வெளியே பார்க்க ஆரம்பித்தான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் அத்தனை பேரும் குறையில்லாமல் திரும்பி வரட்டும், கண்ணுங்களா. அவர்கள் சொன்ன சொல்லை நம்பிக் கதவைத் திறக்க, உள்ளே எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.