வாலு வரும்வரை

டிஸ்க் சுழலும் சத்தம் முதலில் மிக மெல்லிசாகத்தான் கேட்டது. மேஜையில் சுழலக்கூடிய டிஸ்க் எதுவும் இல்லை. மகளின் மடிக்கணினிக்குள் இருந்தது சத்தமே போடாத வகை. அதை வாங்கி மாட்டியதே அவர்தான். மழை பெய்கிற சாயங்காலம், ஃபிரிட்ஜ் சத்தமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

கணினி எழ மறுத்தது. கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி ஒரே வரியில் வந்து நின்றுவிடும். ‘வாலு’வுக்காகக் காத்திருக்கிறது. ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிடும். அது கைவிரிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தமும் சட்டென்று அறுந்துபோனது.

ஆபீசில் அத்தனை லினக்ஸ் சர்வர்களையும் கட்டி மேய்ப்பவருக்குக் கோளாறு புரியாமல் இல்லை. வாலு என்பது மகளின் வெளி டிஸ்க், வயரில் மாட்டினால் சுழலும் பழைய வகை. வீட்டில் தன்னைக் கூப்பிடும் பெயரையே அதற்கும் வைத்திருந்தாள். கணினி எழும்போது அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வரியை எழுதிக் கொடுத்தது அவர்தான். டிஸ்க்கை மாட்ட மறந்துவிட்டு, உங்க லினக்ஸ் அடம்பிடிக்குதுப்பா என்று கத்துவாள். உன்னை மாதிரிதானே இருக்கும் என்பார்.

அந்த டிஸ்க் அவள் தோள்பையில் இருந்தது. பை, அவள் ஏறிய படகோடு ஏரிக்குள் போனது. பையும் கிடைக்கவில்லை, அவளும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுதான் மனைவி கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகள் குரல் எங்கேயாவது உள்ளே பதிவாகியிருக்கும், ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றாள்.

வழி சுலபம். அந்த வரியின் தலையில் ஒரு குறி போட்டால், வாலு என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டுக் கணினி எழுந்துகொள்ளும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ பேரை அடிக்காதீங்க. காத்துட்டு இருக்கட்டும்."

"வராததுக்கு எவ்வளவு நேரம்மா காத்திருக்கும்?"

"வர்ற வரைக்கும்."

அவர் எந்தக் கத்துக்குட்டியும் செய்யாத காரியத்தைச் செய்தார். வரியை அப்படியே விட்டுவிட்டு, காத்திருக்க நேர வரம்பே இல்லை என்று மாற்றினார். இப்போதைக்கு இவள் மனசு ஆறட்டும், இவள் தூங்கியதும் ஒழுங்காகச் சரிசெய்துகொள்ளலாம். அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

அதே வரி. ஒன்றரை நிமிடம் தாண்டியது. இந்த முறை கணினி கைவிரிக்கவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் அந்தச் சுழற்சி மீண்டும் கிளம்பியது, வாசல் பக்கம் கேட்டது, கூடத்தின் தரையை ஒட்டி மெதுவாக நகர்ந்து வந்தது, அதோடு சேறும் பாசியும் கலந்த வாடை, ஏரிக்கரையில் அவர் நாள்கணக்காக நின்று மூச்சோடு இழுத்த அதே வாடை, கதவிடுக்கு வழியாக அறைக்குள் நுழைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

சத்தம் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

திரையில் புது வரி. வாலு கிடைத்தது.

கணினியின் பக்கவாட்டைப் பார்த்தார். எந்த வயரும் இல்லை. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த வரி. பழுதாகியிருக்கிறது. சரிசெய்யவா? y அல்லது n.

தண்ணீரில் கிடந்த டிஸ்க்குகளை எத்தனையோ பேர் அவரிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். மிஞ்சிய துண்டுகளைக் கணினி எப்படியோ ஒட்டவைக்கும், ஆனால் எழுந்து வருவது பழையதாக இருக்காது, ஆசைப்படாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்.

"சரிபண்ணுங்க," என்றாள் மனைவி.

அவரும் அப்பாதானே. y அமுக்கினார்.

பின்னால் ஏதோ நறுக்கென்று பொருந்தியது. தரையில் தண்ணீர் சொட்டியது.

திரையில் இன்னொரு வரி. எங்கே சேர்ப்பது என்று தெரியாத துண்டுகள் இருக்கின்றன. சேர்க்கவா?

வேண்டாம். போதும். விரலை n-க்கு நகர்த்தினார்.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. நகத்தில், படகேறிய அன்று காலை அம்மா பூசிவிட்ட நீலம். ஜில்லென்று அவர் கையைப் பற்றி, சின்ன வயதில் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுபோலவே பொறுமையாக, அவர் விரலைத் திரும்ப y-க்குக் கொண்டுபோய் அமுக்கியது.

"இன்னும் கொஞ்சம்தாம்பா."

அந்தக் குரலைக் கேட்டு மனைவி தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.