வெந்நீர் பிரமாதம்!

போன் அலறியது.

மெக்கானிக் எடுக்கவில்லை. அவனது இரண்டு கைகளும் ஒரு லாட்ஜ் குளியலறையின் கேஸ் கீஸருக்குள் இருந்தன. மூன்று நாட்களாக இதே லாட்ஜ். பன்னிரண்டு அறை... பன்னிரண்டு கீஸர்... ஒன்றில்கூடப் புகைக்குழாய் ஒழுங்கில்லை!

போன் மறுபடியும் அலறியது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"யாரு?"

"நீலம்னு ஒரு கீஸர் மெக்கானிக்... நீதானா?"

அவன் பெயர் நீலம் இல்லை. தீ நீலமாக எரிந்தால் வெந்நீர், மஞ்சளாக எரிந்தால் மரணம் என்று போகிற வீட்டிலெல்லாம் ஓதுவான். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்கள் வைத்த பெயர் அது.

"நான்தான். இந்த வாரம் நேரமில்ல சார், அடுத்த வாரம்..."

"அடுத்த வாரமா? நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வீடு தெரியுமா?"

"தெரியும் சார். மூணு வாரம் முன்னாடி அங்க சர்வீஸ் பண்ணேன்."

"ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே! குளியலறையில ஒரு பொணம் கிடக்கு. அரை மணி நேரத்துல வா. இல்லேன்னா ஜீப் வரும்."

ஸ்பானர் கை நழுவித் தரையில் விழுந்தது.

அந்த வீட்டம்மா திங்கட்கிழமை போன் செய்திருந்தாள். 'நாளைக்கே வர்றேம்மா' என்று சொன்னான்.

இன்று வியாழக்கிழமை!

போய்ச் சேர்ந்துவிட்டாள்... நான் போகாததால் போய்ச் சேர்ந்துவிட்டாள்! வழியெல்லாம் அவனுக்கு அது ஒன்றுதான் ஓடியது. பைக்கை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

வாசலில் கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

நுழைந்தவன் அப்படியே நின்றான்.

கூடத்து நாற்காலியில், வலது கையில் மாவுக்கட்டுடன், உயிரோடு உட்கார்ந்திருந்தாள் வீட்டம்மா!

"வாங்கண்ணே," என்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை.

"கொலைகாரா!"

அலறியது அவளல்ல. செத்தவனின் அக்கா. அவிழ்ந்த கூந்தலோடு பாய்ந்து வந்து மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தாள்.

"என் தம்பி உனக்கு என்னடா பாவம் பண்ணான்? முழுங்கிட்டியேடா! இவனை விடாதீங்க சார்!"

செத்தது கடைக்காரரா!

இன்ஸ்பெக்டர் அந்தம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குளியலறைப் பக்கம் தள்ளினார். கதவு உடைந்து ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்பக்கம் தாழ்ப்பாள். தண்ணி கொட்டற சத்தம் நிக்கவே இல்லேன்னு அக்காக்காரம்மா கத்தியிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்க உடைச்சிருக்காங்க. அதுல ஒருத்தன் கொஞ்சம் விவரம். சிலிண்டரை மூடிட்டு, சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துட்டான். இல்லேன்னா இன்னும் ரெண்டு விழுந்திருக்கும்."

மெக்கானிக் எட்டிப் பார்த்தான்.

ஓரமாகச் சாய்ந்து கிடந்தது ஓர் அலுமினிய ஏணி. அதன் காலடியில் கடைக்காரர். முழுக்கால் சட்டை... முழுக்கைச் சட்டை... மூக்கில் கண்ணாடி. கன்னம் இரண்டும் புது மாப்பிள்ளை மாதிரிச் சிவந்திருந்தன.

"செத்தவன் வெளுத்துத்தானே இருப்பான்? இதென்னய்யா கலரு?"

"அந்தப் புகையோட வேலை சார் அது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது. லேசாத் தலை சுத்தும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், கால் மடிஞ்சுடும். அதனாலதான் வருஷத்துக்கு ஒரு தடவை..."

"பாடம் எடுக்காதே! சர்வீஸ் பண்ணது நீ. செத்தது அவரு. நேராக் கோர்ட்டுல போய்ப் பாடம் எடு."

மெக்கானிக்குக் கசப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியாயிற்று. குழாயை வெளியே விடுங்கள் என்றால், சுவரில் ஓட்டை போட்டால் டைல்ஸ் போய்விடும் என்பார்கள். டைல்ஸுக்கு இருக்கிற மரியாதை உயிருக்கு இல்லை. நாளைக்கு ஊர் முழுக்க என்ன பேசும்? நீலம் கை வைத்த கீஸர் ஆளைக் கொன்றது என்று பேசும். அப்புறம் யார் கதவைத் திறப்பார்கள்? பெயர் போனால் போனதுதான்... அதோடு ஜெயில் வேறு!

"ஒரே ஒரு தடவை கீஸரைப் பார்த்துக்கறேன் சார்."

"பாரு. கிட்டவே நிப்பேன்."

டார்ச்சை அடித்தான். கீஸரின் தலையிலிருந்து புகைக்குழாய் கிளம்பி, சுவர் வழியாக வெளியே போனது. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு வளையம். வளையத்தின் திருகில் ரத்தச் சிவப்பாக ஒரு கோடு.

கோடு உடைந்திருந்தது!

"சார்... இங்க பாருங்க! இது நகப்பூச்சு. என் சம்சாரத்துது. சர்வீஸ் முடிச்சதும் திருகுலயும் வளையத்துலயும் சேர்த்து ஒரே கோடா இழுத்துடுவேன். அவ நகத்துக்கு வாங்கறது எல்லாம் கீஸருக்கே போகுதுன்னு வீட்டுல தினமும் சண்டை."

"உன் குடும்பக் கதை எதுக்குய்யா?"

"கோடு நேரா இருந்தா நான் வச்சது வச்சபடி இருக்குன்னு அர்த்தம். திருகுல இருக்கற பாதி கோடு எங்க நிக்குது பாருங்க... வளையத்துல இருக்கற பாதி எங்க நிக்குது பாருங்க! எனக்கப்புறம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. "கழட்டு."

கழற்றினான். குழாயைச் சாய்த்தான். உள்ளே விரலை விட்டான்.

மஞ்சள் துணி!

இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒன்று... ஐந்து... பத்து... உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் துணிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு மூக்குக் கண்ணாடிப் படம். கண்ணாடி துடைக்கக் கடையில் கொடுக்கும் துணி.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார்.

"ஓஹோ... பொண்டாட்டி!"

"நான் அப்பவே சொன்னேனே!" அக்கா தாவி வந்தாள். அவள் அப்போது சொன்னது வேறு. "இவதான் சார் கொலைகாரி! வந்த நாள்லேர்ந்து என் தம்பியை நிம்மதியா விட்டாளா இவ?"

வீட்டம்மா எழுந்து வந்தாள். மாவுக்கட்டுக் கையை இடது கையால் தாங்கிக்கொண்டாள்.

"அந்த ஏணியை நான் எப்படி சார் தூக்குவேன்? ஒரு கையால தலை வாரிக்கவே முடியல."

"கையில என்ன?"

"படியில விழுந்துட்டேன்."

மெக்கானிக் தரையைப் பார்த்தான். மூன்று வாரம் முன்பு அவன் இதே கேள்வியைக் கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் சொன்ன பதில் அது. மாடிப்படியில் விழுந்துவிட்டாளாம்.

அந்த வீட்டில் மாடியே கிடையாது!

"சார்..." மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "அவரு பாக்கெட்டைப் பாருங்க."

கான்ஸ்டபிள் குனிந்து துழாவினார். ஸ்க்ரூடிரைவர் ஒன்று வந்தது. நுனியில் துளி சிவப்பு ஒட்டியிருந்தது.

கான்ஸ்டபிள் அதை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"அவரே அடைச்சாரா?" இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "எதுக்குய்யா?"

"இந்தக் குளியலறையில குளிக்கறது அந்தம்மா மட்டும்தான் சார். வெந்நீர்ல குளிச்சா முடி கொட்டும்னு அவரு கொல்லைப்பக்கம் பச்சைத் தண்ணியிலதான் குளிப்பாரு. அவரே என்கிட்ட பெருமையா சொன்னாரு."

"இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி விக்கறவர்தானே?"

மெக்கானிக் கையிலிருந்த துணிகளைக் கீழே வைத்தான்.

"நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன்."

"என்னது?"

"சர்வீஸ் பண்ணப்போ பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. குழாய் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்... நெருப்பு எந்தக் கலர்ல எரியும்... வாசனை வருமா... இந்த மாதிரி அக்கறையா யாருமே கேட்டதில்ல சார். சந்தோஷத்துல எல்லாத்தையும் சொன்னேன். எதெதைச் செய்யக் கூடாதுன்னு நான் சொன்னேனோ..."

"அதையெல்லாம் செஞ்சிருக்கான்." இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். "சரி... வலை விரிச்சது பொண்டாட்டிக்கு. விழுந்தது எப்படி இவன்?"

"நான் சொல்றேன் சார்," என்றாள் வீட்டம்மா. "திங்கட்கிழமை காலையில குளிக்கப் போனப்போ கோடு உடைஞ்சிருந்துச்சு. அன்னிக்கு அவரு பணம் எடுக்க உள்ள போனப்போ அண்ணன் காட்டிச் சொல்லியிருந்தாரு, கோடு உடைஞ்சா போன் பண்ணுங்கன்னு. பண்ணேன்."

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "பண்ணாங்களா?"

"பண்ணாங்க சார்."

"என்ன சொன்னே?"

"நான் வர்ற வரைக்கும் பத்த வைக்காதீங்கன்னு சொன்னேன். கைவலிக்கு வெந்நீர் இல்லாம முடியாதுன்னாங்க. அப்படின்னா ஜன்னலை விரியத் திறந்து வச்சு, வாளியில பிடிச்சு, கீஸரை அணைச்சுட்டு, அப்புறமாக் குளிங்கன்னேன்."

"அப்படியேதான் நாலு நாளும் குளிச்சேன்," என்றாள் அவள். "வெளியில வரும்போது ஜன்னலைச் சாத்திட்டு வந்துடுவேன்."

"ஏன் சாத்தணும்?"

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "சாத்தாம? என் தம்பி ரோஷக்காரன் சார்! ஜன்னல் ஒரு விரக்கடை திறந்திருந்தாலும் யாரைப் பார்க்கத் திறந்தேன்னு கேட்டு ரெண்டு போடுவான். இந்த வீட்டுல எந்த ஜன்னலும் திறந்திருக்கக் கூடாது. அது அவன் கண்டிஷன்!"

பெருமையாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், எதைச் சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "நாலு நாளும் பொண்டாட்டி சிவ சிவான்னு குளிச்சுட்டு வர்றா. இவனுக்கு மண்டை காயுது. துணி நழுவிடுச்சோன்னு சந்தேகம். அவ பார்த்துடக் கூடாதுன்னு கதவைத் தாழ் போடறான். நெருப்பு மஞ்சளா, நீலமான்னு பார்க்கத் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு ஏணியில ஏறி, மூஞ்சியைக் கொண்டுபோய் வச்சிருக்கான்! ஜன்னல்...?"

"அவர் கண்டிஷன்படி சாத்தியிருக்கு சார்," என்றான் மெக்கானிக்.

"தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க!" இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை விரித்தார். எழுதிக்கொண்டே கேட்டார். "திங்கட்கிழமை போன்ல அந்தம்மா வேற ஏதாவது கேட்டாங்களா?"

மெக்கானிக் குனிந்து டார்ச்சைப் பைக்குள் போட்டான்.

கேட்டிருந்தாள். 'ஜன்னல் சாத்தியிருந்தா ஒரு ஆள் எவ்வளவு நேரம் தாங்குவாங்கண்ணே?' என்று கேட்டிருந்தாள். பாவம், பயந்துபோய்க் கேட்கிறாள் என்று நினைத்தான். 'அஞ்சு நிமிஷம் தாங்கினாலே அதிசயம்மா' என்று அதற்கும் பதில் சொன்னான்.

புருஷனுக்கு ஒரு பாடம்... பெண்டாட்டிக்கு ஒரு பாடம்! இரண்டு பேரும் முதல் வகுப்பில் தேறிவிட்டார்கள்.

நிமிர்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாவுக்கட்டு அவன் கண்ணெதிரே வெள்ளையாக நின்றது.

சொன்னால் அவள் உள்ளே போவாள். சொல்லாவிட்டால், போன் வந்தும் போகாத சோம்பேறி என்ற பழி அவன் தலையில். போகாதது என்னவோ உண்மை. சொன்ன வாக்குப்படி செவ்வாய்க்கிழமை வந்து துணியை உருவியிருந்தால் இந்த ஆள் செத்திருக்க மாட்டான்... வேறு ஒரு வழி கண்டுபிடித்து இவளைத்தான் கொன்றிருப்பான். நினைக்க நினைக்க நாக்கில் வேப்பங்காய் கசந்தது.

"வேற ஒண்ணும் கேட்கல சார்."

"அப்போ தப்பு உன்மேலதான். மூணு நாளாத் தெரிஞ்சும் வந்து பார்க்கல. உன் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்னிக்கே எழுதறேன். ஆறு மாசம் கீஸர்ல கை வைக்க முடியாது."

"சரி சார்."

பையை எடுத்துக்கொண்டான். கூடத்தைத் தாண்டும்போது அவள் பக்கத்தில் வந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரல்.

"உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டேண்ணே."

"நீங்க சாதாரணமா ஜன்னலைத்தானேம்மா சாத்தினீங்க?" ஆமாம் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று அவன் மனசு கெஞ்சியது.

"ஆமா. அப்புறம் வெளியில வந்து அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன்."

"என்ன?"

"'இன்னிக்கு வெந்நீர் பிரமாதம்!'"

அவள் இடது கையால் பக்கத்திலிருந்த ஜன்னலின் கொக்கியை விலக்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். கூடத்துக்குள் வெயில் விழுந்தது.

வாசலில் பைக்கை உதைக்கப் போனவனை இன்ஸ்பெக்டர் கைதட்டிக் கூப்பிட்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தார்.

"நீலம்... உன் லைசென்ஸ் கடுதாசி சாயங்காலம்தான் போகும். அதுக்குள்ள என் வீட்டு கீஸரை ஒரு எட்டு பார்த்துடேன். நாலு வருஷமா யாரும் திறக்கவே இல்ல. பயமா இருக்குய்யா."

"பார்த்துடறேன் சார். வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணுங்க. புகைக்குழாய் வெளியில போகட்டும். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அப்புறம் முக்கியமா இன்னொண்ணு..."

"சொல்லு, சொல்லு!"

"வெந்நீர் பிரமாதம்னு வீட்டம்மா என்னிக்காவது சொன்னாங்கன்னா... அன்னிக்கு மட்டும் குளிக்காம டூட்டிக்குப் போயிடுங்க!"