தலைக்கு ஊற்றாத வீடு

கோபிநாத்தை ஆஸ்பத்திரி வண்டி ஏற்றிக்கொண்டு போன மூன்றாம் நாள், அவன் படுத்திருந்த அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

அவன் மனைவி பிரகதீஸ்வரி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அறைக்கதவு வெளித்தாழ்ப்பாள் போட்டபடி கிடந்தது. உள்ளே ஒரு கட்டிலையும், பஞ்சாயத்து ஆட்கள் விட்டுப்போன மூட்டையிலிருந்து அவளே அள்ளி அள்ளித் தூவிய பிளீச்சிங் பவுடரையும் தவிர ஒன்றும் கிடையாது. ஆறு வயது மகள் ரம்யா கூடத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இருமியது அவள் இல்லை. பக்கத்து வீட்டில் யாராவது இருமியிருப்பார்கள் என்று பிரகதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு மணப்பாறைக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

அன்னவாசல் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த காலம் அது. இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. பஞ்சாயத்து ஆட்கள் இவர்கள் வாசலை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். காய்கறிப் பை தகரத்துக்கு மேலாக வந்து விழும். உச்சி வெயிலில் ஒரு பஸ் சத்தம், ஒரு கடைச் சத்தம் கிடையாது. தகரம் சூடேறி முறுக்கிக்கொள்ளும் சடசடப்பும், குழாயடித் தொட்டியில் தண்ணீர் சொட்டுவதும், கூடம் முழுக்க மூக்கை எரிக்கும் பவுடர் நெடியும், அத்தனைக்கும் அடியில் அந்த இருமலும்தான். குட்டையாக இரண்டு. பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்து, நீளமாக ஒன்று.

அந்த இழுப்பு அவளுக்குத் தெரிந்த இழுப்பு. திருமயத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா சொர்ணவல்லி, கடைசியாகப் போனில் பேசியபோது ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இப்படித்தான் இருமினாள். கோபிநாத்தான் தன் கறிக்கோழி வேனில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நாலாம் நாள் அக்கா நீளமான ஒரு பொட்டலமாக வந்தாள். முகம் காட்டவில்லை. செத்தவளைக் குளிப்பாட்ட விடவில்லை. உடம்பு முழுக்கக் கவசம் போட்ட நாலு பேர் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கினார்கள். பிரகதி ரோட்டில் நின்று பார்த்தாள், அழக்கூட மறந்துபோய்ப் பார்த்தாள். அடுத்த வாரம் கோபிநாத்துக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் பிறந்த வீட்டில் அம்மை போட்டால் ஒரு முறை உண்டு. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். குழம்பு தாளிக்க மாட்டார்கள். அம்மை இறங்கியதும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றினால்தான் வந்தது விடைபெற்றுப் போனதாகக் கணக்கு. கோபிநாத்துக்கும் அப்படி ஊற்றத்தான் அவள் நினைத்திருந்தாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஆள் போய்விட்டான். வந்தது போகவில்லை. வேறு எப்படி இருக்க முடியும்? அக்காவுக்கும் யாரும் ஊற்றவில்லையே.

இருமல் கேட்ட அன்றிலிருந்து தாளிக்காத குழம்பும் சோறுமாக ஒரு தட்டை அந்தக் கதவடியில் வைக்க ஆரம்பித்தாள். விடிந்து பார்த்தால் சோறு வைத்தபடியே வறண்டு கிடக்கும். ஆனாலும் தட்டு வைத்த கொஞ்ச நேரத்துக்கு இருமல் அடங்கும். அந்தக் கொஞ்ச நேரம் போதும் என்று தோன்றும். கண்ணை மூடத்தான் முடியாது. ரம்யாவின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே இரவைத் தள்ளினாள். ஓடாதே, மூச்சு வாங்கும். சிரிக்காதே, புரையேறும். பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கில் தோல் உரிந்துவிட்டது. எரியுதும்மா என்று அது அழுதபோது இவளும் கூட உட்கார்ந்து அழுதாள். பிள்ளை ஒருத்திதான் மிச்சம். இந்தச் சின்ன நெஞ்சுக்குள் அது புகுந்துவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தினமும் காய்ச்சல் பார்க்க வரும் நர்ஸ் பிளெஸ்ஸி ஒருநாள் தகர இடுக்கு வழியாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தூங்குறீங்களா?"

"தூங்குறேனே."

"கண்ணு ரெண்டும் கோவப்பழமா இருக்கு. இது வந்ததிலேருந்து வீட்டுக்கு ஒருத்தர் இப்படித்தான்க்கா இருக்காங்க. நம்பர் தாரேன், போன் போட்டு மனசுல உள்ளதச் சொல்லுங்க. அதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க."

நம்பரை வாங்கிக்கொண்டாள். போன் போடவில்லை. பைத்தியம் என்று எழுதிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

இருமல் கேட்கத் தொடங்கிய பதினைந்தாம் நாள் காலையில் தகரத்தைப் பிடுங்கினார்கள். மத்தியானம் கோபிநாத் வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான்.

"பிரகதி, வந்துட்டேன் புள்ள."

"அங்கனயே நில்லுங்க. தலைக்கு ஊத்தணும்."

"அடியே, இது என்ன அம்மையா?" என்று சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். மறுபேச்சுப் பேசாமல் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தான். அவன் நல்லவன். எப்போதுமே நல்லவன்.

ஒரு குடம் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் அவன் முதுகெலும்பில் வழிந்தது. இரண்டாவது குடம். வேப்பிலை தோளில் ஒட்டியது. ரம்யா வாசற்படியில் நின்று அப்பாவைப் பார்த்துக் கைகொட்டியது. மூன்றாவது குடம் பாதி சரிந்திருக்கும்.

வீட்டுக்குள் இருமல்.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

கோபிநாத்தின் வாய் மூடியிருந்தது. மூடிய உதட்டின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

"கேட்டுச்சா?"

"என்னது?"

ரம்யா தலையைத் திருப்பி அறைப்பக்கம் பார்த்தது. அம்மா பார்த்ததால் பார்த்ததோ என்னவோ.

"பதினஞ்சு நாளா உள்ள இருமுதுங்க. அக்கா மாதிரியே இருமுது. நீங்க தண்ணி ஊத்திக்காமப் போயிட்டீங்க."

அவன் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டான். பிறகு ஈரத்தோடு எழுந்து அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் பின்வாங்கினாள். "சரி, தொடல. இங்கிட்டு வா, நீயே பாரு. நாளைக்கு ரெண்டு பேருமா டாக்டரப் பாத்துட்டு வருவோம்" என்று உள்ளே போனான். காய்ந்த சோற்றுத் தட்டைத் தாண்டித் தாழ்ப்பாளைத் திறந்தான்.

வெள்ளை வெளேரென்று தரை. கட்டில். வேறொன்றுமில்லை.

"பாரு, ஒரு எலிக்காலடி கூடக் கிடையாது." நடுவில் போய் நின்று கையை விரித்துக் காட்டினான். கால்பட்டுப் பவுடர் கிளம்பியது. அவன் முகம் சுருங்கியது.

இருமினான்.

குட்டையாக இரண்டு.

நீளமாக ஒன்று.

கதவைச் சாத்தியது தன் கைதான் என்பது தாழ்ப்பாள் விழுந்த பிறகே அவளுக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து கதவு அதிர்ந்தது. "பிரகதி! தொற, மூச்சு முட்டுது!" கதவு இடுக்கில் வெள்ளையாகப் புகைந்தது. அந்தக் குரல் அவன் குரல்தான். நடுநடுவே வரும் இருமல் அவனுடையதில்லை. எத்தனை பேர் உள்ளே? அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்பா! அம்மா, அப்பாவத் தொறந்து விடும்மா!" ரம்யா ஓடி வந்து கதவில் முகத்தைப் பதித்து அழுதது. இழுத்து இழுத்து அழுதது. அந்த இடுக்கில். அந்தப் புகையில்.

பிள்ளையின் தோள் குலுங்கியது.

அம்மா திரும்பினாள்.

ரம்யாவுக்கு எல்லாம் தெரியும். இந்த வீட்டில் எதைச் செய்யக் கூடாதென்று பதினைந்து நாளாகத் தெரியும். இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டது. முகம் சிவந்தது. நெஞ்சு எக்கியது. கண் மட்டும் அம்மாவையே பார்த்தது.

பிரகதி மண்டியிட்டு மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அடக்குடா தங்கம். அடக்கு. அம்மா இருக்கேன்ல."

தோல் உரிந்த அந்தச் சின்ன விரல்களின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தினாள். அடியில் மூச்சு முட்டி முட்டித் திரும்பியது. குட்டிக் கால் தரையை உதைத்தது. தட்டு உருண்டது.

"இன்னும் கொஞ்ச நேரந்தான்டா. போயிரும். போயிரும்."

கால் உதைப்பதை நிறுத்தியது.

உள்ளே கதவைத் தட்டுவதும் நின்றது. "ரம்யா?" என்றான் கோபிநாத், மெதுவாக. "ரம்யாக்குட்டி?"

வீட்டில் எங்கேயும் இருமல் இல்லை. பதினைந்து நாளில் இதுதான் முதல் தடவை. பிரகதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இல்லை. நிஜமாகவே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.