முப்பத்தொன்றாம் எண்ணின் மூச்சு

முப்பத்தொன்றாம் எண்ணின் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஆய்வகத்தில் அவளைத் தவிர ஆளில்லை. கணினித் திரையில் நாற்பது கட்டங்கள். முப்பத்தொன்பது கட்டங்களில் கோடு நீட்டிப் படுத்துக் கிடந்தது. ஆய்வு வியாழக்கிழமையே முடிந்துவிட்டதால் அப்படித்தான் கிடக்க வேண்டும். ஒன்று மட்டும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அந்தக் கோட்டை அனுப்ப வேண்டிய பெல்ட், பேட்டரி கழற்றப்பட்டு, அவளுடைய மேசையின் இரண்டாவது டிராயரில் இருந்தது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. திங்கட்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஐந்து வருஷ உழைப்பு. கடைசி நேரத்தில் சாஃப்ட்வேர் காலை வாருகிறதே என்று லேப் டெக்னீஷியனுக்கு போன் போட்டாள். பேட்டரி இல்லாத பெல்ட்டிலிருந்து சிக்னல் வராது, பழைய பதிவு ஏதாவது திரும்ப ஓடும், ரிஃப்ரெஷ் பண்ணு என்றார் அவர். "லீவு நாள்லயும் உசுர வாங்காத பாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரிஃப்ரெஷ் பண்ணினாள். கோட்டுக்குக் கீழே இன்றைய தேதி இருந்தது. மணி இரண்டு முப்பத்தாறு என்று காட்டியது.

நுரையீரல் நோயாளிகளுக்குத் தூக்கத்தில் மூச்சு எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆய்வு. நாற்பது பேர், பன்னிரண்டு வாரம். படுக்கும்போது மார்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டால் போதும், வீட்டிலிருந்தே கோடு இங்கே வந்துவிடும். முப்பத்தொன்றாம் எண், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவளுக்கு இன்னும் பட்டம் வரவில்லை என்று தெரிந்தும் டாக்டரம்மா, டாக்டரம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். மூச்சுக்குமா டிக்கெட் கிழிக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நாலாவது வாரக் கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மனைவி பெல்ட்டைத் துவைத்துக் காயவைத்து, ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

முப்பத்தொன்பது பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார் பேராசிரியர். புது ஆளைச் சேர்த்தால் இன்னும் அரை வருஷம் இழுக்கும், அதற்குள் அவர் இடம் மாறிப் போய்விடுவார். ஏமாற்று என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். "பாத்துக்கோ" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி இந்தக் கட்டிடத்தில் எத்தனை ஆய்வேடுகள் பைண்டு ஆகியிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். மாட்டிக்கொண்டால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறாகிவிடும் என்பதும் தெரியும்.

எண்களை இட்டுக்கட்டினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜமான மூச்சு வேண்டும். அதனால் அந்த அம்மா கொண்டுவந்து கொடுத்த அன்றிரவே பெல்ட்டைத் தன் மார்பில் கட்டிக்கொண்டு படுத்தாள். எட்டு வாரம், செத்தவர் பேரில் இவள் மூச்சு விட்டாள். வியாழக்கிழமை காலையில்தான் கழற்றினாள். மார்பைச் சுற்றி இன்னும் அதன் தடம் சிவந்திருந்தது.

இப்போது கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் ஒரு சின்ன நடுக்கம் தெரிந்தது. அது அவளுடையது. சின்ன வயதிலிருந்தே மூச்சை இழுக்கும்போது அவள் மூக்கில் மெல்லிசாக ஒரு விசில் வரும். அக்கா அதற்காகவே குக்கர் என்று பேர் வைத்து, மூணு விசில் வந்தாச்சு, அவளை இறக்கி வையுங்கள் என்று வீட்டையே சிரிக்க வைப்பாள். அந்த விசிலைத்தான் கோடு வரைந்துகொண்டிருந்தது.

அப்படியானால் பழைய பதிவுதான் என்று கொஞ்சம் நிம்மதி வந்தது. வந்த நிம்மதியில் ஒரு பெருமூச்சு விட்டாள். கோடும் நீளமாக ஏறி, நீளமாக இறங்கியது.

ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, குளிர்பதனப் பெட்டி எங்கோ உள்ளுக்குள் தண்ணீர் விழுங்குவது கேட்டது, ஜன்னல் பட்டைகளின் நிழல் வெறும் நாற்காலிகள் மேல் வரிவரியாக விழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, மூடாமல் விட்ட டிராயரிலிருந்து, எட்டு வாரம் அவள் வியர்வையில் ஊறிய பிறகும் போகாத, கண்டக்டரின் மனைவி துவைத்த துணி சோப்பின் வாசனை வந்தது. அவள் மூச்சை அடக்கினாள்.

கோடு நின்றது.

மூச்சை விட்டாள். கோடு இறங்கியது.

மறுபடி அடக்கினாள். நின்றது. பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். காது அடைத்தது. விட்டாள். இறங்கியது. கையால் மார்பைத் தடவிப் பார்த்தாள். அங்கே சட்டை மட்டும்தான் இருந்தது.

போன் அடித்தது. 'எண் 31, வீடு' என்று திரையில் வந்தது.

எடுக்காமல் விட்டிருக்கலாம். பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டாள். கண்டக்டரின் மனைவிதான். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை, மகனிடம் சொன்னால் டாக்டரிடம் போ என்கிறான், எனக்குத் தெரிந்த டாக்டர் நீங்கள்தான் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். பெல்ட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரியிலிருந்து அவருடைய கட்டிலில் மூச்சுச் சத்தம் கேட்கிறதாம். முதலில் மனப்பிரமை என்று விட்டுவிட்டாராம். அப்புறம் பழகிவிட்டதாம்.

"ஆள் துணைக்கு இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, நல்லாத் தூங்கினேன். வியாழக்கிழமைலேருந்து பகல்லயும் கேக்குது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாப்பது வருஷம் அவர் பக்கத்துல படுத்தவ நான். அவருக்கு மூச்சுல கரகரன்னு சத்தம் வரும். விசில் வராது. இதுல விசில் வருது டாக்டரம்மா."

அவளுக்கு அழுதுவிடலாம் போலிருந்தது. உங்கள் வீட்டில் கேட்பது என் மூச்சு, உங்கள் வீட்டுக்காரர் பேரில் நான்தான் படுத்திருந்தேன் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே எல்லாம் நின்றுவிடும் என்று தோன்றியது. ஆய்வேடும் நின்றுவிடும். ஐந்து வருஷமும் போய்விடும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் போனதும் அவர் பேர எடுத்துட்டீங்கதானே? போனவர அப்படியே பிடிச்சு வெச்சிருக்கலியே?"

திரையில் கோடு ஏறி, உச்சியில் லேசாக நடுங்கி, அவளுக்காகக் காத்திருப்பதைப் போல நின்றது.

"அன்னைக்கே எடுத்துட்டோம்மா" என்றாள்.

அந்தச் சொற்களோடு மூச்சு முழுதும் வெளியே போனது. கோடு அடிவரை இறங்கியது. அடுத்த மூச்சுக்கு வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். மார்பு அசையவில்லை. வலி இல்லை. அடைப்பு இல்லை. இழுக்க ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். டிராயர் முழுக்கத் திறந்துகொண்டது. பெல்ட். கழற்றிய பேட்டரி.

கோடு ஏறியது.

அவள் இல்லாமல் ஏறியது.

"இருங்க, கட்டில்கிட்ட போனை வெக்கறேன்" என்றது அந்த அம்மாவின் குரல். செருப்புச் சத்தம். ஒரு கதவு. பிறகு போனில், நிதானமாக, நல்ல தூக்கத்தில் இருக்கிற யாரோ ஆழமாக மூச்சை இழுத்தார்கள். விசில் வந்தது. அவள் அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

"கேக்குதா டாக்டரம்மா?"

அவள் வாய் திறந்தே இருந்தது. திரையில் முப்பத்தொன்றாம் கட்டத்தின் கோடு அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே பச்சை எழுத்தில், நிமிடத்துக்குப் பதினான்கு, சீரான சுவாசம் என்று வந்தது.

"கேக்குதா?"